சீல் வைக்காத சம்மதம்

விதி தெளிவாகவே இருந்தது. ‘பணி நிமித்தம் இந்நகரத்துக்கு வரும் அயல்நாட்டு ஊழியர்களின் பிள்ளைகள், வந்து சேர்ந்த அடுத்த வேலைநாளிலேயே பள்ளிக்கு வரலாம். எந்த வகுப்பு என்பதை வந்த பிறகு பார்த்துக்கொள்வோம். நுழைவுத் தேர்வு கிடையாது. ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.’ வியன்னாவில் இருந்த ஓர் ஆங்கில வழிப் பன்னாட்டுப் பள்ளியின் அறிமுகப் புத்தகத்தில், கடைசிக்கு முந்தின பக்கத்தில் இது அச்சாகியிருந்தது. பொடி எழுத்தில்கூட இல்லை, சாதாரண எழுத்தில்தான். எங்கள் குடும்பத்தில் இதைப் படிக்காதவர் எவருமில்லை. நம்பியவர்தான் எவருமில்லை.

நான் அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்திருந்துவிட்டு, இருபது முடிந்தால் விருப்ப ஓய்வு கேட்கலாம் என்ற விதியை மறுநாளே பயன்படுத்திக்கொண்டு வெளியே வந்தவள். எந்த விதி யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாததுபோல் நடிக்கலாம் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்பாக்கம் குடியிருப்பில் சவுக்குத் தோப்பு ஓரமாக என்னோடு சைக்கிள் ஓட்டிய உங்களில் பலர், இதை மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டுதான் படிப்பீர்கள். தொண்ணூற்று நான்காம் வருடம் முழுப் பரீட்சை முடிந்ததும் நான் ஏன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனேன் என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்லக் கூடாதென்று உத்தரவு. காரியம் கைகூடும்வரை வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் வீட்டு ரகசியக் காப்புச் சட்டம்.

நடந்தது இதுதான். அப்பா கல்பாக்கத்தில் பொறியாளர். அந்த வருடம் ஜனவரியில் வியன்னாவிலுள்ள ஒரு சர்வதேச அலுவலகத்துக்கு இரண்டு வருட டெபுடேஷனில் போனார். குடும்பத்துக்கான விமான டிக்கெட்டை ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தியாக வேண்டும். ஜூலை நடுவில் கெடு. அம்மா, பத்து வயது நான், இரண்டு வயதுத் தம்பி. மூன்று டிக்கெட்.

குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, செங்கல்பட்டில் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டோம். வருவதற்கு முன்பே அம்மா என் பள்ளியில் டி.சி. வாங்கிவிட்டாள். நம் ஊரில் டி.சி. இல்லாத பிள்ளையை எந்தப் பள்ளியும் வாசலுக்குள் விடாது. வியன்னாவிலும் அப்படித்தான் இருக்கும் என்பது அம்மாவின் துணிபு. அந்தப் பள்ளி டி.சி. கேட்கவில்லை. டி.சி. என்று ஒன்று உலகில் இருப்பதே அதற்குத் தெரியாது. இங்கேயோ, வாங்கிய நிமிடமே என் பெயர் வெட்டப்பட்டு, என் இடத்தில் வேறு பிள்ளை வந்துவிட்டது. ஜூன் பிறந்து பள்ளிகள் திறந்தபோது நான் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாதவள். காலையில் தெருப் பிள்ளைகள் பை மாட்டிக்கொண்டு போகும்போது என்னைப் பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாராவது கேட்டால் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தது. போடாத அம்மைக்குப் பயந்து உடம்பெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருப்பேன். கொளவாய் ஏரிப் பக்கமிருந்து மின்சார ரயிலின் சத்தம் கேட்கும். ரயிலில் போகிறவர்கள் எல்லாருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது என்று தோன்றும்.

பயம் தொடங்கிய இடம் சமையலறை. நான் கதவுக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அம்மாவும் அத்தையும்.

“ஸ்கூல்ல சேத்துக்கறோம்னு எழுத்துல வந்தாத்தான் இவளைக் கூட்டிகினு வரணுமாம் அண்ணி. இல்லன்னா ஒரு வருஷம் வீணாப் போயிடும்ன்றார்.”

“அதுக்கு இன்னா இப்போ? வரலைன்னா இவ இங்க இருந்துட்டுப் போறா. சின்னவனுக்குத்தான் ஸ்கூலே வேணாமே, அவனைத் தூக்கிகினு நீ கெளம்பு. நான் பாத்துக்க மாட்டனா?”

அம்மா தேங்காய் துருவும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. அந்த இடைவெளியை நான் இன்றுவரை அளந்துகொண்டிருக்கிறேன். 

அத்தை கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பயப்படுவது சுலபமாக இருந்திருக்கும். இரண்டும் பையன்கள், இரண்டும் ஹாஸ்டலில். வீட்டில் ஒரு பெண் குழந்தை நடமாடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒருநாள் மரக்கட்டில் ஒன்று வந்து இறங்கியது, சின்ன அளவில். இன்னொரு நாள் பாவாடைத் துணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் ‘ஒரு சீட்டு சொல்லி வெச்சிருக்கேன், இருந்துட்டுப் போவட்டும்’ என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்வதைக் கேட்டேன். அவள் எனக்காகச் செய்த ஒவ்வொன்றும் நான் விடப்படப் போவதற்கான சாட்சியமாகவே எனக்குப் பட்டது. அம்மா சென்னையில் வாங்கிவந்த ஸ்வெட்டர்கள் இன்னொரு சாட்சியம். தம்பியுடையது அளவாக இருந்தது. என்னுடையது முழங்கால்வரை தொங்கியது. “அடுத்த வருஷத்துக்கும் ஆவும்” என்றாள் அம்மா. அப்படியானால் நான் போவது அடுத்த வருடம்தான் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தால், நம் ஊரில் எந்த அம்மா பிள்ளைக்கு அளவாக ஸ்வெட்டர் வாங்கினாள்?

அறிமுகப் புத்தகத்தை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தார்கள். வழுவழுப்பான தாள், மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. ஒரு படத்தில் பிள்ளைகள் தரைவிரிப்பில் குப்புறப் படுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியையும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பெஞ்சு இல்லை, பிரம்பு இல்லை, யூனிஃபார்ம் இல்லை. சன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ கொட்டிக்கிடந்தது. மற்றவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து வியந்தார்கள். நான் ஒரே ஒரு விஷயத்துக்காகப் பார்த்தேன்: அந்த விரிப்பில் இன்னொரு பிள்ளை படுக்க இடமிருக்கிறதா? இரண்டு பேருக்கு நடுவே கொஞ்சம் இருந்தது. அங்கே விரலை வைத்து மூடிப் பார்ப்பேன். என் விரல் பெரிதாக இருந்தது.

நுழைவுத் தேர்வு கிடையாது என்று சொன்ன பள்ளியிடம், ‘எப்படியாவது ஒரு நேர்காணலாவது வையுங்கள்’ என்று கேட்டு வாங்கியவர் அப்பாதான். தேர்வில்லாமல் கிடைக்கிற இடத்தை அவரால் நம்ப முடியவில்லை. தலைமை ஆசிரியை சிரித்துக்கொண்டே, சரி, போனில் பேசுகிறேன் என்றிருக்கிறார். இதை நானே பிறகு அவர் வாயால் கேட்டேன். அதே பள்ளியில் என் வகுப்பில் ஒரு கொரியப் பையன் சேர்ந்து, முதல் பருவம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வாய் திறந்த அன்று எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். அந்தக் கேக்கைத் தின்றுகொண்டே செங்கல்பட்டை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்தை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

ஆனால் அது பிறகு. மே மாதத்தில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘வெள்ளைக்கார ஹெட்மிஸ்ட்ரஸ் இன்டர்வியூ’ என்பது மட்டும்தான். ஒரு டியூஷன் சார் அமர்த்தப்பட்டார். அவர் கேள்விகளுக்கு எண் கொடுத்து, எண்ணுக்கொரு பதில் எழுதி, வரிசையாக ஒப்பிக்க வைத்தார். ஒன்று, பெயர். இரண்டு, தந்தை என்னவாக இருக்கிறார். மூன்று, சொந்த ஊர். சொந்த ஊருக்கு நான் செங்கல்பட்டைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் ஊரின் பரப்பளவும் வரும். பதில் தெரிந்தது, பயம் போகவில்லை. பயத்துக்கு சார் ஒரு மருந்து வைத்திருந்தார்.

“நெசமான வெள்ளக்காரங்ககிட்ட நாலு வார்த்தை பேசிட்டா போதும், பயம் தெளிஞ்சிடும்” என்று சொல்லி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் என்னை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போனார்.

கடற்கரைக் கோயில் வேலிக்கு வெளியே நல்ல வெயில். தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். அவரைச் சுற்றிலும் பாசிமணி விற்கிறவர்கள்.

“போ. கேளு. இன்னா, கடிச்சா முழுங்கிடுவாங்க?” என்று சார் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

போனேன். மணி விற்கும் அக்கா ஒருத்தி இடுப்பில் கை வைத்து மறித்தாள். “இன்னாடி, புச்சா கீற? எவ அனுப்புனா உன்னை? இது எங்க எடம்.”

நான் அவளைச் சுற்றிக்கொண்டு போய், “வாட் இஸ் யுவர் குட் நேம்?” என்று ஒரே மூச்சில் கேட்டேன். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது என்பது என் அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா தெரியவில்லை. ஏதோ ஒரு மொழியில் இரக்கமாகச் சொல்லி, பையைத் திறந்து, ஒரு பேனாவை எடுத்து என் கையில் திணித்தார். என் கன்னத்தையும் தொட்டார்.

“பாருங்கடி இவளை!” என்று மணிக்கார அக்கா கத்தினாள். “நான் காலைலேர்ந்து தொண்டை கிழிய நிக்கறேன், இவ வந்து ஒரே இங்கிலீஸ்ல பேனா வாங்கிகினா!”

சார் மட்டும் மகிழ்ந்துபோயிருந்தார். “பாத்தியா? கம்யூனிகேஷன் ஆயிடுச்சு.”

பஸ்ஸில் திரும்பும்போது பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வியன்னாவிலும் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்து, ஒரு பேனாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று உறுதியாகிவிட்டது. அந்தப் பேனா பச்சை நிறம், நான்கு வண்ணம் எழுதும். பஸ்ஸிலேயே விட்டுவிட்டேனா, அத்தை வீட்டில் தொலைந்ததா, நினைவில்லை. 

நேர்காணல் ஜூன் மாதம் ஒரு மதியம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்தில். அத்தை வீட்டில் போன் கிடையாது. எங்களுக்கு வருகிற போன்கள் எல்லாம் அந்த பூத்துக்குத்தான் வரும், பூத்துக்காரர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு அவர் நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணாத்த, லைன் காலி இல்ல. ஃபாரின் கால் வந்துகினு கீது. ஆஸ்பத்திரி கேஸா இருந்தா மட்டும் உள்ள வா” என்று வந்தவர்களை எல்லாம் திருப்பினார். திரும்பியவர்கள் போகவில்லை. ஃபாரின் கால் எப்படி வருகிறது என்று பார்க்க நின்றுவிட்டார்கள். ரகசியக் காப்புச் சட்டம் அத்தோடு காலாவதியானது.

கண்ணாடிக் கூண்டுக்குள் என்னை ஸ்டூல் மேல் நிறுத்திக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே வியர்வையும் பழைய ரப்பரும் கலந்த வாடை. வருகிற அழைப்புக்கு மீட்டர் ஓடாது. அதன் சிவப்பு எண் பூஜ்யத்திலேயே நின்றது. வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சார், எந்தக் கேள்வி வந்தாலும் பதில் எண்ணை விரலில் காட்டுவதற்குத் தயாராக. அவர் பக்கத்தில் இடுப்பில் தம்பியோடு அம்மா.

மணி அடித்தது. எடுத்தேன். ஒரு பெண் குரல், ரொம்ப தூரத்திலிருந்து. என் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னது. முதல் கேள்வியே என் பெயராக இருக்க வேண்டும். அதை அவரே சொல்லிவிட்டதால் எனக்கு வரிசை தவறிவிட்டது. “நீ இப்போது நிற்கிற இடத்திலிருந்து என்னவெல்லாம் தெரிகிறது, எனக்குச் சொல்லேன்” என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார். புரிந்தது. அதற்கு எண் இல்லை. சார் விரல்களை மாற்றி மாற்றிக் காட்டினார். மூன்று, ஏழு, மறுபடி மூன்று. காஞ்சிபுரம் பஸ் ஒன்று பின்னால் நகர்ந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது; சாமி கும்பிடுகிறாள் போலிருக்கிறது. தம்பி அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான், அது தன்னுடையது என்பதுபோல.

“என்னை விட்டுட்டுப் போயிடுவாங்களா?” என்று கேட்டேன். தமிழில்.

வெளிநாட்டு லைனில் அப்போதெல்லாம் நம் குரலே ஒரு கணம் கழித்து நமக்குத் திரும்பி வரும். என் கேள்வி எனக்கே கேட்டது. பிறகு அந்தக் குரல் மிகவும் மெதுவாக, நன்றி, உன்னோடு பேசியது சந்தோஷம் என்றது. கடைசியாக, “சீ யூ சூன்” என்றது. 

வெளியே வந்ததும் சார் தோளைப் பிடித்தார். “இன்னா சொன்னாங்க கடைசியா?”

“சீ யூ சூன்.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “சீக்கிரம் பாக்கலாம்னா... எடுத்துகினாங்கன்னுதானே சார்?”

“அய்யே, அது மரியாதைக்குச் சொல்றதும்மா. பால்காரன்கிட்ட கூடச் சொல்லுவாங்க. ரிசல்ட்டு எழுத்துல வரும்.”

எங்கள் குடும்பத்தின் வேதவாக்கு அது. அந்தத் தலைமை ஆசிரியை அன்று மாலையே அப்பாவிடம், அழைத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா, எழுத்தில் வேண்டும் என்றார். அவர் ஒரு வாத்து படம் போட்ட அட்டையில், உங்கள் மகளுக்காகக் காத்திருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார். அப்பா அதை வாழ்த்து அட்டை வகையில் சேர்த்துவிட்டார். பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில், பொறுப்பானவர் கையெழுத்தோடு, சீலோடு வேண்டும் என்று மனுப் போட்டார். பள்ளியில் சீல் என்று ஒரு பொருளே இல்லை. அது என்னவென்று அவர்கள் விசாரித்து முடிப்பதற்குள் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. தலைமை ஆசிரியை மலைக்குப் போய்விட்டார். 

அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். வாய்மொழி உத்தரவை நம்பிக் காரியம் செய்து, பிறகு ‘நான் எப்போது சொன்னேன்?’ என்று கேட்கப்பட்டவர்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஓர் அதிகாரி கோப்பில் கேட்பதை ஒரு தகப்பன் கேட்டதால், பத்து வயதில் ஒருத்தி தினமும் அலமாரி மேலிருந்த நீலச் சூட்கேஸ் கீழே இறங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

ஜூலை இரண்டாம் வாரம் அது இறங்கியது. ஆடி பிறப்பதற்குள் புறப்பட வேண்டும். டிக்கெட்டின் கெடுவும் அதோடு சரி. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளை அழும். அழுகிற பிள்ளையை விட்டுப் போகக் கூடாது. ஆகவே பிள்ளை இல்லாத நேரத்தில் போய்விட வேண்டும். இந்தக் கருணைக்கு உங்கள் வீடுகளிலும் ஆளாகியிருப்பீர்கள்.

அன்று காலை அம்மா எனக்குத் தலை பின்னினாள். பின்னியதை அவிழ்த்து மறுபடி பின்னினாள். மூன்றாவது முறையும் அவிழ்க்கப் போனபோது அத்தை, “போதும் விடு” என்றாள். தம்பி வீட்டுக்குள்ளேயே ஷூ போட்டுக்கொண்டு நடந்தான். கட்டிலில் எதையோ போர்வை போட்டு மூடியிருந்தது. மூலை மட்டும் நீலமாகத் தெரிந்தது.

மாமா, அத்தை புருஷர், சொந்த லாரி ஓட்டுகிறவர். “வா, படாளம் போலாம். பம்புசெட்டுல குளிக்கலாம். முன்னாடி குந்திகினு வரலாம்” என்றார், என்னைப் பார்க்காமல்.

கேட்டுவிட்டால் உண்மையாகிவிடும் என்று நான் கேட்கவில்லை. வாசல்வரை வந்த அம்மா, “பத்திரமா போயிட்டு வா” என்றாள். புறப்படுகிறவள் நான் என்பதுபோல.

படாளத்தில் தண்ணீர் குழாயிலிருந்து வெள்ளையாகக் கொட்டியது. மாமா துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நான் தொட்டி விளிம்பிலேயே நின்றேன்.

“எறங்கு. ஒரு முங்கு போடு. சில்லுன்னு கீது.”

“மாமா, பிளேன் எத்தனை மணிக்கு?”

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் நின்றார். “யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல.”

“நானும் சொல்லல. ஞாபகம் வெச்சிக்கோ. நான் சொல்லல” என்றார். பிறகு ஈரத்தோடு சட்டையை மாட்டிக்கொண்டு, “ஏறு வண்டியில” என்றார்.

சென்னை நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்த லாரி அவ்வளவு வேகமாக அதற்கு முன்பும் பின்பும் போயிருக்காது. மாமா வழியெல்லாம் யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். தன்னைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டு வாசலில் காரின் சக்கரத் தடம் இருந்தது. கட்டிலில் போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அத்தை ஹார்லிக்ஸ் தம்ளரோடு வந்தாள். நான் அதை வாங்கி முழுதும் குடித்தேன். குடிக்காவிட்டால் இவளும் போய்விடுவாளோ என்று பயம்.

மறுநாளே என் டி.சி. கன்னியாஸ்திரீகள் பள்ளிக்குப் போனது. கடைசியில் அது பயன்பட்ட இடம் அங்கேதான். பழுப்பு யூனிஃபார்ம், இரட்டைப் பின்னல். அத்தை பின்னினால் வலிக்காது. அதுவும் பயமாக இருந்தது. அம்மாவின் கை எப்படி வலித்தது என்பது மறந்துகொண்டு வந்தது. தம்பி வேறு ஏதாவது மொழி பேச ஆரம்பித்திருப்பான், என்னைப் பார்த்தால் அவனுக்குப் புரியாது என்று நினைத்துக்கொள்வேன். டி.வி.எஸ். ஃபிஃப்டி சத்தம் தெருவில் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். பெரும்பாலும் அது கோழிக்கடைக்காரர்.

ஆவணி பிறந்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், அது பூத்துக்காரர். வண்டியை அணைக்காமலே வாசலிலிருந்து கத்தினார்.

“அக்கா, வியன்னாலேர்ந்து உங்க தம்பி பேசினாரு. ஸ்கூல் லெட்டர் வந்துடுச்சாம், சீலோட. புது டிக்கெட்டு அவரே போட்டுட்டாராம், பொண்ணை ஏத்தி அனுப்பச் சொன்னாரு. துணைக்கு ஏர்ஓஸ்டஸ் பாத்துக்குவாங்களாம். பத்து நிமிசத்துல மறுபடி போன் போடறாரு, இன்னா சொல்லட்டும்?”

அத்தை என் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“போன்ல சொன்னா ஆச்சா? லெட்டரை எனக்கு அனுப்பச் சொல்லு. நான் கண்ணால பாக்கணும்.”

“அக்கா, அது அங்க கீதுக்கா. வந்து சேர மாசமாவும்.”

“ஆவட்டும்.”

பூத்துக்காரர் என்னைப் பார்த்தார். அத்தையும் திரும்பி என்னைப் பார்த்தாள். சின்ன மரக்கட்டிலில், இஸ்திரி போட்ட துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“நீ இன்னாடி சொல்ற?” என்றாள்.

அந்த வருடம் முழுவதிலும் என்னிடம் அதைக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

“பயமா இருக்கு அத்தை.”

“எதுக்கு? போறதுக்கா, இருக்கறதுக்கா?”

“ரெண்டுக்கும்.”

இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் துணி வாசனை எழுந்துகொண்டிருந்தது. அத்தை சட்டையை மடித்தாள். மடித்ததைத் தட்டினாள். பிறகு வாசலைப் பார்த்து, சத்தமாக, “அனுப்பறேன்னு சொல்லிடு போ” என்றாள். பூத்துக்காரர் வண்டியைத் திருப்பினார்.

அத்தையின் சம்மதத்தில் கையெழுத்து இல்லை, சீல் இல்லை. கோப்பில் எழுதுவதானால் நான் இப்படித்தான் எழுதுவேன். பதில் பெறப்பட்ட நாள்: 19 ஆகஸ்ட் 1994, வெள்ளிக்கிழமை.